பழைய டீசல் இஞ்சின் விடியற்காலையில் ஏன் மக்கர் செய்கிறது?

மார்கழி மாத விடியற்காலை. மதுரையின் ஒரு தெருவில் பழைய டீசல் அம்பாசடர் கார் ஒன்று கிளம்ப மறுக்கிறது. ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். இஞ்சின் சுற்றுகிறது, பின்னால் வெள்ளையாகப் புகை வருகிறது, ஆனால் வண்டி உயிர்பெறவில்லை. நாலு பேர் கூடித் தள்ளுகிறார்கள். ஒருவழியாகக் கிளம்பிய அதே வண்டி, திருமங்கலம் வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்; ஒரு கை கொடுத்துத் தள்ளியும் இருப்பீர்கள். ஓடும்போது நன்றாக ஓடுகிற இஞ்சின், கிளம்பும்போது மட்டும் ஏன் அடம்பிடிக்க வேண்டும்? இதற்கு விடை மேல்நிலைப் பள்ளி இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறது, எதை மாற்ற வேண்டும், எதைத் தொட வேண்டியதில்லை என்பதையும் ஓரளவு தீர்மானிக்கலாம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சில நூறு ரூபாய்க்கும் பல ஆயிரம் ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு.

தீப்பொறி இல்லாத இஞ்சின்

பெட்ரோல் இஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இஞ்சினில் பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, மிகச் சிறிய இடத்திற்குள் நெருக்கி, அதனால் சூடேறிய காற்றிலே டீசலைப் பீய்ச்சினால் அது தானே தீப்பற்றும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இத்தகைய இஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? அடிப்படை அதுதான்.

அம்பாசடரில் டீசல் இஞ்சின் வந்தது 1980-இல். இந்தியாவின் முதல் டீசல் கார் அதுவே. 1489 கன செண்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அந்த இஞ்சினின் சுருக்க விகிதம் 23. அதாவது 23 பங்கு இடத்திலிருந்த காற்றைப் பிஸ்டன் ஒரு பங்கு இடத்திற்குள் நெருக்குகிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. காற்றின் தொடக்க வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் என்று கொள்வோம். வெப்பம் வெளியேறாமலும் காற்று கசியாமலும் நெருக்கினால், இறுதி வெப்பநிலையைப் பெற 300-ஐ 23-இன் 0.4 அடுக்கால் பெருக்க வேண்டும். அந்த அடுக்கின் மதிப்பு ஏறத்தாழ 3.5. விடை 1050 கெல்வின். அதாவது 777 டிகிரி செல்சியஸ்.

ஆனால் உண்மையான இஞ்சினில் குளிர்ந்த சுவர் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இடுக்குகள் வழியே காற்றும் கசிகிறது. இவற்றைக் கணக்கில் சேர்க்க எளிய வழி, அடுக்கைக் குறைத்துக்கொள்வதே. அடுக்கு 0.3 என்றால் வெப்பநிலை 495 டிகிரி. 0.2 என்றால் 289 டிகிரிதான்! டீசல் தானே தீப்பற்ற 210 முதல் 250 டிகிரி வரை போதும் என்பார்கள். அது நிதானமாகச் சூடேற்றும்போது. இஞ்சினுக்குள் ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திற்குள் டீசல் ஆவியாகித் தீப்பற்றியாக வேண்டும். அதற்கு 289 போதாது. தீப்பற்றாத டீசல் துளிகள் வெண்மூட்டமாக வெளியேறுகின்றன. நாம் கண்ட வெள்ளைப் புகை அதுதான்.

கசிவதற்குக் கிடைக்கும் நேரம்

ஸ்டார்ட்டர் மோட்டார் இஞ்சினை நிமிடத்திற்குச் சுமார் 200 சுற்று சுற்றுகிறது. காற்றை நெருக்கும் அரைச் சுற்றுக்கு 0.15 வினாடி ஆகும். ஓடும் இஞ்சின் 2000 சுற்று சுற்றும்போது அதே வேலைக்கு 0.015 வினாடிதான். கிளம்பும் நேரத்தில் காற்றுக்குக் கசிந்து தப்பவும், வெப்பத்திற்குச் சுவருக்குள் நுழையவும் பத்து மடங்கு அவகாசம் கிடைக்கிறது. போதாக்குறைக்குச் சுவரும் குளிர்ந்திருக்கிறது. ஓடத் தொடங்கியபின் அவகாசமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. தேய்ந்த இஞ்சின் விடியற்காலையில் மட்டும் மக்கர் செய்வதன் இரகசியம் இதுவே.

எங்கே தேய்கிறது?

இந்த இஞ்சினில் பிஸ்டன் ஒரு சுற்றுக்கு மேலும் கீழுமாகச் சுமார் 178 மில்லிமீட்டர் பயணம் செய்கிறது. 2000 சுற்று வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒவ்வொரு பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரில் 21 கிலோமீட்டர் உரசியிருக்கும். இடையில் எண்ணெய்ப் படலம் இருப்பதால்தான் இரும்பு தப்பிக்கிறது. பிஸ்டன் உச்சியைத் தொட்டுத் திரும்பும் கணத்தில் அதன் வேகம் சுழி, படலம் மெலிகிறது. அழுத்தமும் வெப்பமும் மிகுதியாக இருப்பதும் அங்கேதான். ஆகவே சிலிண்டர் உச்சிக்குச் சற்றுக் கீழே மிகுதியாகத் தேய்ந்து, அதற்கு மேல் ஒரு படி உருவாகிறது. நகத்தால் தடவினால் அந்தப் படி தட்டுப்படும்.

நம் ஊர்ப் புழுதியும் இதில் பங்கு கொள்கிறது. 2000 சுற்று வேகத்தில் இந்த இஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 70 கனமீட்டர் காற்றை உள்ளிழுக்கும். பத்தடி நீளம், அகலம், உயரமுள்ள அறைகள் இரண்டரையில் நிறையும் காற்று அது. ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் மண்சாலைகளில் அந்தக் காற்றோடு மணல் தூளும் வருகிறது. மணலிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும் கடினம் உடையது. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டால், ரிங்குக்கும் சுவருக்கும் இடையே உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்.

இஞ்சினைத் திறக்கும் முன்

கிளம்பவில்லை என்றதும் இஞ்சினைப் பிரித்துப் போடுவது அறிவுடைமை ஆகாது. செலவு குறைந்தவற்றை முதலில் பாருங்கள். பாட்டரி தளர்ந்து ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலே கசியும் அவகாசம் கூடிவிடும். ஹீட்டர் பிளக் கெட்டிருந்தால் குளிர்ந்த அறை சூடேறாது. டேப்பட் இடைவெளி மிகவும் குறைந்தால் வால்வு முழுதும் மூடாது. இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தூவாமல் தாரையாக ஊற்றினாலும் தீப்பற்றாது. இன்ஜெக்டரை அதற்குரிய கருவியில் மட்டுமே சோதிக்க வேண்டும்; பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும் என்பதால் கையை அருகில் கொண்டுபோகக் கூடாது.

புகையின் நிறமும் ஒரு சாட்சி. ஓடும்போது கறுப்புப் புகை என்றால் எரிபொருளுக்கு வேண்டிய காற்று கிடைக்கவில்லை, அல்லது இன்ஜெக்டர் சரியில்லை. நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங்கையோ வால்வு கைடையோ சந்தேகிக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது அழுத்தச் சோதனை. இன்ஜெக்டரைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்தி நான்கு சிலிண்டர்களையும் ஒப்பிட வேண்டும். நான்கும் ஒருசேரக் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம். அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைந்திருந்தால் ஹெட் காஸ்கெட் பழுதாக இருக்கலாம். குறைந்த சிலிண்டருக்குள், வால்வுகள் மூடிய நிலையில், காற்றைச் செலுத்திக் காதால் கேட்கவும் செய்யலாம். ஆயில் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் ரிங். புகைக் குழாயில் கேட்டால் வெளியேற்று வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் காஸ்கெட்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் இஞ்சினில் ஒரு கரண்டி ஆயிலைச் சிலிண்டருக்குள் ஊற்றி மீண்டும் அளப்பது வழக்கம். டீசல் இஞ்சினில் அதைச் செய்யாதீர்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது இந்த இஞ்சினின் ஒரு சிலிண்டரில் மீதமிருக்கும் இடம் 17 கன செண்டிமீட்டர்தான். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கன செண்டிமீட்டர் ஆயில் ஊற்றினால் மீதி 12. சுருக்க விகிதம் 23-லிருந்து 32-க்குத் தாவிவிடும்! அளவு பொய்யாகும். கை தவறிக் கூடுதலாக ஊற்றிவிட்டால், திரவம் நெருங்கிக் கொடுக்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

திறந்த பிறகு

என் மாமா ஒருவர் இப்படிப்பட்ட ஒரு காரைத் திருமண வாடகைக்கு ஓட்டிவந்தார். ஒரு பட்டறையில், "ரிங் மட்டும் மாற்றினால் போதும்" என்றார்கள். சிலிண்டரை யாரும் அளக்கவில்லை. மூன்று மாதத்தில் மேல் ரிங் உடைந்து சுவரில் கோடு போட்டுவிட்டது. ஒரு செலவு இரண்டு செலவாயிற்று.

நடந்தது என்ன? பழைய ரிங் தேயத் தேய, படியின் விளிம்பு அதற்கேற்ப அமைந்துவிடுகிறது. புதிய ரிங்கின் கூரான விளிம்பு அந்தப் படியில் மோதுகிறது. அத்துடன், சிலிண்டரின் விட்டம் 0.1 மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு 0.31 மில்லிமீட்டர் கூடும். ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே சுமார் 0.25 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய இடைவெளி இரண்டு மடங்குக்கு மேலாகிவிடும். தலைமயிர் பருமனளவு தேய்மானம் புதிய ரிங்கையும் பயனற்றதாக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆகவே சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் படியை நீக்கிவிட்டு ரிங் மட்டும் போடலாம். மிஞ்சினால் போரிங் செய்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். இறுதியில் ஹோனிங் செய்து சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இழைப்பது, எண்ணெய் தங்குவதற்காக.

கிராங்க் பேரிங்கையும் மறக்கக் கூடாது. குறுகிய இடுக்கு வழியே வழியும் எண்ணெயின் அளவு, இடுக்கின் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்கு! இஞ்சின் சூடானதும் எண்ணெயின் பாகுத்தன்மையும் குறைகிறது. சூடான பின் ஆயில் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால், பேரிங் தேய்ந்திருக்கலாம் என்று அறியுங்கள்.

புதுப்பிக்கலாமா, விடைகொடுக்கலாமா?

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. உறுப்புகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் வகைப்படுத்தியது. தேய்ந்த இஞ்சினைப் புகையோடு ஓட்டுவது, தெருவில் நடப்போர் அனைவருக்கும் இழைக்கும் தீங்கு. செம்மையாகப் பழுது பார்த்தும் புகை அடங்காவிட்டால், அந்த வண்டிக்கு விடைகொடுப்பதே முறை.

இஞ்சினைப் புதுப்பிக்க முடிவு செய்தால், மெக்கானிக்கிடம் முதலில் அளவுகளைக் கேளுங்கள்: நான்கு சிலிண்டர்களின் அழுத்தம், விட்டம், ரிங் இடைவெளி. ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். மகிழ்ச்சியோடு எழுதித் தருவார். மாணவர்களுக்கு ஒரு வீட்டுக் கணக்கு: அடுக்கு 0.35 என்று கொண்டால் காற்றின் வெப்பநிலை என்னவாகும்? 626 டிகிரி செல்சியஸை ஒட்டி விடை வந்தால், நீங்கள் இந்த இஞ்சினைப் புரிந்துகொண்டீர்கள் என்று பொருள்.