காமிராவுக்குள் படியும் தூசி



பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தைப்பூசத்திற்கு முதல் நாள் மாலை. கிள்ளானில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், தந்தையார் விட்டுச் சென்ற காமிராவை வெளியே எடுத்தார். மறுநாள் பத்துமலையில் தங்கை பால்குடம் எடுக்கிறாள். அதை அப்பாவின் காமிராவிலேயே படம் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வியூபைண்டரில் கண் வைத்துப் பார்த்தார். நடுவே இரண்டு கறுப்புப் புள்ளிகள்! படமெல்லாம் கெட்டுவிடுமே என்று பதறி, லென்ஸைக் கழற்றிக் கைக்குட்டை நுனியால் உள்ளே துடைத்தார். புள்ளிகள் போகவில்லை. ஒரு கீறலும் கறுப்புப் பிசுக்கும்தான் புதிதாகச் சேர்ந்தன.

அவர் அறியாத உண்மை ஒன்று உண்டு. இத்தகைய காமிராவின் வியூபைண்டரில் தெரியும் தூசி படத்தில் விழுவதில்லை.

அது எப்படி? எஸ்.எல்.ஆர். எனப்படும் காமிராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்புகிறது. மேலே உள்ள மங்கலான திரையில் காட்சி விழுகிறது. அந்தக் காட்சியை ஒரு பட்டகம் நம் கண்ணுக்கு நேராக்கித் தருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடுகிறது. ஒளி நேராகப் பின்னால் உள்ள பிலிமுக்குச் செல்கிறது. 1959இல் வெளிவந்த நிக்கான் எஃப் காமிராவிலும், பின்னர் வந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்களிலும் அமைப்பு இதுதான். டிஜிட்டலில் பிலிமின் இடத்தில் சென்சார் இருக்கும். ஆகவே கண்ணாடியிலும் திரையிலும் உள்ள தூசி, படம் பதியும் ஒளியின் பாதையிலேயே இல்லை.

புள்ளி தெளிவாகத் தெரிந்தால், தூசி பெரும்பாலும் திரையில்தான் இருக்கும். சாய்ந்த கண்ணாடியில் உள்ள தூசி கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாது.

இனி, துடைத்தால் என்ன கேடு என்று பார்ப்போம். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு பின்புறம் இருக்கிறது. காமிராக் கண்ணாடிக்கோ முன்புறமே இருக்கிறது. மெல்லிய அந்தப் பூச்சு, துணி பட்டாலே கீறலாம். திரையோ பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் நுண்ணிய வரிகளில் விரல் எண்ணெய் புகுந்தால் எளிதில் வெளியேறாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? காற்றாடியை நிறுத்திவிட்டு, புழுதியில்லாத அறையில் உட்காருங்கள். லென்ஸைக் கழற்றி, காமிராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். காமிராக் கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதுபந்தின் முனை எதிலும் படாதவாறு, கீழிருந்து ஐந்தாறு முறை காற்றை அடியுங்கள். தளர்ந்த தூசி தானே கீழே விழும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி கறையாகும். டின்னில் அடைத்து விற்கும் காற்றும் வேண்டாம். சில வேளைகளில் அதிலிருந்து திரவம் தெறிக்கும். இதற்கும் போகாத தூசி, திரைக்கும் பட்டகத்துக்கும் நடுவே இருக்கலாம். அதை விட்டுவிடுங்கள், மிகவும் உறுத்தினால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

பழைய காமிராக்களில் இன்னொரு சங்கடம். கண்ணாடி எழும்பி மோதும் இடத்தில் மெத்தைபோல ஒரு நுரைப்பஞ்சுப் பட்டை ஒட்டியிருக்கும். காலப்போக்கில் அது உளுத்து, பசைபோல் ஒட்டும் கறுந்துகளாக உதிரும். அந்த இளைஞர் கண்ட புள்ளிகள் அவைதாம். அத்தகைய காமிராவில் பட்டையை மாற்றுவதே பரிகாரம்.

படத்தில் விழும் தூசி வேறு. டிஜிட்டல் காமிராவில் லென்ஸ் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, வெறும் வானத்தைச் சில படங்கள் எடுங்கள். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் தூசி சென்சாரில் உள்ளது. மிரர்லெஸ் காமிராக்களில் கண்ணாடியே இல்லை. பலவற்றில், லென்ஸைக் கழற்றியவுடன் சென்சார் வெளியே தெரியும். ஆகவே கூடுதல் கவனம் தேவை. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் இன்று சூளைகள் இல்லை; வாகனப் புழுதிக்குக் குறைவும் இல்லை. அங்கே தெருவோரத்திலும், விபூதியும் கற்பூரப் புகையும் சூழ்ந்த பத்துமலைப் படிகளிலும் லென்ஸை மாற்றாதிருப்பதே நலம்.

தூசியைவிடக் கொடியது நம் ஊர் ஈரம். தோலுறையில் மாதக்கணக்கில் பூட்டி வைத்த காமிராவில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். அதை ஊதி அகற்ற முடியாது, பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல நிறக் குருணை இளஞ்சிவப்பானால் மாற்றவோ உலர்த்தவோ வேண்டும். அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

அந்த இளைஞர் மறுநாள் மனக்கலக்கத்தோடுதான் படம் எடுத்தார். பிலிமைக் கழுவிப் பார்த்தபோது, பால்குடம் ஏந்திய தங்கையின் முகம் தெளிவாக இருந்தது. புள்ளியும் இல்லை, கீறலும் இல்லை. ஆனால் அப்பாவின் காமிராவில் எப்போது கண் வைத்தாலும் அந்தக் கீறல் அவருக்குத் தெரிகிறது. ஆகவே நேயர்களே, கைக்குட்டையை எடுக்குமுன் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் சுத்தமாக இருந்தால் காமிராவைச் சும்மா விடுங்கள்.