தஞ்சோங் பகாரின் கடலடி

தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் 1972இல் இங்கேதான் திறக்கப்பட்டது. பெருங்கப்பல்கள் தரைதட்டாமல் கரையணைய, நீருக்கடியில் உள்ள மேடுபள்ளம் தெரிந்தாக வேண்டும். முற்காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆங்காங்கே ஆழம் பார்த்தார்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே ஒரு பாறை தப்பிவிடலாம். இன்றைய அளவைப் படகு ஒலியை விசிறிபோல் பரப்பி, தரை முழுவதையும் வருடிச் செல்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் பாயும். 15 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்!

ஆழத்தைவிட வியக்கவைப்பது இந்தக் கடலின் இளமை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. உங்கள் எதிரே உள்ள நீர்ப்பரப்பு அப்போது நிலம்; சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நடந்தே போயிருக்கலாம். அருகிலுள்ள மரீனா சவுத்தில் துளையிட்டு எடுத்த களிமண்ணையும் சதுப்புநிலத் தாவர எச்சங்களையும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அதன்படி, சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் 20 மீட்டரளவு தாழ்வாக இருந்தது. 7,000 ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய இன்றைய மட்டத்துக்கு உயர்ந்துவிட்டது.