ஒரே நீர், ஓராயிரம் சுவை!



உணவு விரிப்பின் முன் அமர்ந்து 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கை நீட்டுகிறோம். அந்த உணவு எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? மனிதன் தன் உணவின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும் என்று திருக்குர்ஆனின் 'அபஸ' அத்தியாயத்தில் வல்ல அல்லாஹ் பணிக்கிறான். மழையைப் பொழியச் செய்ததையும், நிலத்தைப் பிளந்து தானியமும் திராட்சையும் காய்கறியும் பேரீத்தமும் முளைப்பித்ததையும் அங்கே எடுத்துக்காட்டுகிறான்.

'ரஃது' அத்தியாயத்தின் 4-ஆவது வசனம் இன்னும் நுட்பமானது. அருகருகே அமைந்த நிலங்கள். அவற்றுக்குப் பாய்வதோ ஒரே நீர். ஆயினும் ஒன்றைவிட மற்றொன்று சுவையில் மேம்பட்டு நிற்கிறது. சிந்திப்போருக்கு இதில் சான்றுகள் உள்ளன என்பது அதன் கருத்து.

இதைக் கண்ணாரக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. திருவள்ளூரைக் கடந்து திருத்தணி நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள திருப்பாச்சூரின் சுற்றுவட்டாரமே போதும். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் அருகில்தான் இருக்கிறது. நெல்லும் நிலக்கடலையும் கத்தரியும் மாவும் விளையும் மாவட்டம் இது. அனைத்தின் மீதும் ஒரே பருவமழைதான் பெய்கிறது. ஆயினும் மிளகாயில் காரம், மாங்கனியில் இனிப்பு, பாகலில் கசப்பு, எலுமிச்சையில் புளிப்பு! இவற்றைப் பிரித்து வைத்தவன் யார்?

கடல் கடந்து வந்த விருந்தினர்

நம் சொந்தமென்று நாம் எண்ணும் காய்கனிகளில் பல, வேற்று நாட்டிலிருந்து வந்தவை என்பதை அறிவீர்களா? மாவும் கத்தரியும் பலாவும் முருங்கையும் இந்தியத் துணைக்கண்டத்திற்கு உரியவை. ஆனால் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. போர்த்துக்கீசியர் முதலான ஐரோப்பியரின் கப்பல்கள் வந்த பிறகே இந்த மண்ணில் வேர்விட்டன. அதற்கு முன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர்.

புளியின் கதை வியப்பானது. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால் இந்தியாவிலிருந்து அதனை வாங்கிய அரபு வணிகர்கள், 'இந்தியப் பேரீச்சை' என்ற பொருளில் 'தமர் ஹிந்தீ' எனப் பெயரிட்டனர். ஆங்கிலத்தில் வழங்கும் 'டாமரிண்ட்' இதன் திரிபேயாகும். அவ்வாறே 'நாரங்க' என்னும் இந்தியச் சொல் அரபியில் 'நாரஞ்ச்' ஆகி, ஐரோப்பாவில் 'ஆரஞ்சு' ஆயிற்று. கத்தரியையும் கரும்பையும் எலுமிச்சையையும் ஸ்பெயினில் பயிராக்கிப் பரப்பியவர்கள் முஸ்லிம்களே. 12-ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து அறிஞர் இப்னுல் அவ்வாம், நூற்றுக்கணக்கான செடிகொடிகளையும் பழமரங்களையும் வளர்க்கும் முறைகளை ஒரு பெருநூலாகவே எழுதி வைத்தார்.

இந்த வருகை இன்றும் நின்றபாடில்லை. நம் ஊர்ப் பழக்கடைகளில் சிவந்த செதில்களோடு காட்சி தரும் டிராகன் பழம், மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த கள்ளியினம். அதன் மலர் இரவில் விரிவது. 2021-இல் குஜராத் அரசு அதற்குக் 'கமலம்' எனப் பெயர் சூட்டியது. கிவி சீனத்துக் கனி. 1904-இல் அதன் விதைகள் நியூசிலாந்துக்குச் சென்றன. 1959-இல்தான் அந்நாட்டுப் பறவையின் பெயர் அதற்கு வாய்த்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் உறவினர்கள் விரும்பி உண்ணும் ரம்புத்தான், டுரியான் ஆகியவற்றின் பெயர்கள் மலாய் மொழியில் முறையே முடியையும் முள்ளையும் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்தவை. மேலே முள், உள்ளே அமுது!

கனியின் மீதுள்ள உரிமைகள்

இத்துணை வகைகளையும் வழங்கிய இறைவன், அவற்றை உண்டு களிப்பதோடு நம்மை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு கனியின் மீதும் பிறருக்கு உரிமை வைத்திருக்கிறான்.

முதலாவது, சிறியோரின் உரிமை. பருவத்தின் முதற்கனி கொண்டுவரப்பட்டால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் விளைச்சலில் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, அங்கிருக்கும் மிகச் சிறிய குழந்தையின் கையில் அதைக் கொடுப்பார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. தாய்மார்களே! விலை உயர்ந்த புதுக்கனி வீட்டிற்கு வரும்போது, அண்டை வீட்டு ஏழைக் குழந்தையும் உங்கள் நினைவில் வரட்டும்.

இரண்டாவது, ஏழைகளின் உரிமை. கனிந்தபோது உண்ணுங்கள், அறுவடை நாளிலேயே அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது 'அன்ஆம்' அத்தியாயத்தின் 141-ஆவது வசனம் தரும் கட்டளை. மழையாலும் ஆற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. நீர் இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று என்று ஹதீஸ் வரையறுக்கிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) காய்கறிக்கும் பழங்களுக்கும் இதனை விரிக்கிறார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) சேமித்து வைக்கத்தக்க உணவுத் தானியங்களுக்கும், பேரீத்தம், திராட்சைக்கும் மட்டுமே கடமை என்கிறார்கள். நிலமுடையோர் தங்கள் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டறிந்து நடப்பது அவசியம். கடமையில்லை என்ற தீர்ப்பு கிடைத்தாலும், தர்மத்தின் வாயில் எவருக்கும் அடைக்கப்படவில்லை.

மூன்றாவது, வாங்குபவரின் உரிமை. மாமரம் பூத்ததுமே தோப்பைப் பேசி முடித்துப் பணம் பெறும் வழக்கம் நம்மிடையே உண்டு. பூச்சியும் புயலும் பூவை உதிர்த்துவிட்டால் வாங்கியவர் கதி என்ன? கனி சிவந்தோ மஞ்சளித்தோ பக்குவம் தெரியுமுன் அதனை விற்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் அந்தக் கனியைத் தடுத்துவிட்டால், சகோதரனின் பொருளை எந்த நியாயத்தில் எடுத்துக்கொள்வீர் என்று அவர்கள் வினவியதை புகாரியில் காண்கிறோம். தோப்பு வைத்திருப்போரும் குத்தகை எடுப்போரும் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும்.

காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதும் இத்தகையதே. ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சு வாயு அதிலிருந்து வெளிப்படக்கூடும் என்பதால், இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனைத் தடை செய்துள்ளன. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மேலே பொன்னிறமும் உள்ளே பச்சையுமாக விற்கப்படும் மாம்பழம், அந்த ஈரத் தானியத்திலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

வீட்டில் இருப்போர்க்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஆசைக்கு வாங்கி அழுகவிட்டுக் குப்பையில் கொட்டும் ஒவ்வொரு கனியும், இன்னொருவர் பசியாறியிருக்க வேண்டிய உணவாகும். உண்டபின் விதையை மண்ணில் ஊன்றுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்பது நபிமொழி தரும் நற்செய்தி.

ஒரே நீரில் ஓராயிரம் சுவை படைத்த வல்ல ரஹ்மான், அவற்றின் உரிமைகளை உணர்ந்து உண்பவர்களாகவும், உவந்து வழங்குபவர்களாகவும் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.