மீட்டிங்ல பேசாதவர் எல்லாம் 'இன்ட்ரோவெர்ட்'டா? ஆபீஸ் பர்சனாலிட்டி டெஸ்ட்டை எப்படி எடுத்துக்கணும்?

ஆபீஸ் நண்பர்களோட அரூர் பக்கம் தீர்த்தமலைக்கு ஒருநாள் ட்ரிப் போறீங்கனு வெச்சுக்கோங்க. "காலையில சீக்கிரம் கிளம்பினாத்தான் வெயிலுக்கு முன்னாடி மலை ஏற முடியும்" என்று ஒருவர் உத்தரவு போடுவார். இன்னொருவர் வேன் நகர்வதற்குள் பத்து ஸ்டேட்டஸ் போட்டிருப்பார். மூன்றாமவர், மூச்சு வாங்குகிறவரின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கடைசியாக வருவார். நான்காமவர், கோயில் நடை எப்போது சாத்துவாங்கனு முதல்நாளே விசாரித்திருப்பார்.

இந்த நாலு பேரைத்தான் 'டிஸ்க்' டெஸ்ட், டி, ஐ, எஸ், சி என்று பிரிக்கிறது. முடிவெடுத்து விரட்டுபவர் டி. பேசியே ஆட்களைச் சேர்ப்பவர் ஐ. நிதானமாகத் துணை நிற்பவர் எஸ். விவரம் சரிபார்க்காமல் நகராதவர் சி. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த ஐடியா இது. (வொண்டர் வுமன் கேரக்டரை உருவாக்கியவரும் இவர்தான்!) ஆனா, அவர் டெஸ்ட் எதையும் தயாரிக்கலை. கேள்வித்தாள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் வேலை.

டீமுக்கு இதனால என்ன லாபம்? உங்க மேனேஜர் 'டி', நீங்க 'சி' என்றால், அவர் "முடிஞ்சுதா?" என்று கேட்பார், நீங்க நாலு பக்க மெயில் அனுப்புவீங்க. ரெண்டு பேருக்கும் எரிச்சல்! முதல் வரியில் பதில், கீழே விவரம் என்று நீங்க மாறலாம். கருத்து கேட்கும் முன் ஒருநாள் டைம் தர அவர் பழகலாம். இந்தப் பேச்சைத் தொடங்கி வைக்க டெஸ்ட் ஒரு நல்ல சாக்கு. அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே தெரியுமா? தமிழ் மீடியத்தில் படித்து, அரூரில் பஸ் ஏறி பெங்களூரு ஆபீஸில் சேர்ந்தவரை யோசிச்சுப் பாருங்க. ஊர்த் திருவிழாவில் மைக்கை விடவே மாட்டார். ஆபீஸில் இங்கிலீஷ் மீட்டிங் என்றால் வாயே திறப்பதில்லை. 'மீட்டிங்கில் பேசத் தயங்குவீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று டிக் பண்ணுவார். உடனே 'இன்ட்ரோவெர்ட்' முத்திரை! அப்புறம் கிளையன்ட் மீட்டிங்குக்கு யாரை அனுப்புவார்கள்? மொழித் தயக்கத்தைச் சுபாவம்னு எழுதிட்டா, அவர் புரமோஷனும் அதோட நிக்கும்.

16 வகையாகப் பிரிக்கும் எம்.பி.டி.ஐ-யும் லேசுப்பட்டதில்லை. உளவியல் படிக்காத ஒரு தாயும் மகளும், கார்ல் யுங்கின் கருத்துகளை வைத்து உருவாக்கியது. சில வாரம் கழித்து திரும்ப எழுதினால் பலருக்கு வேற ரிசல்ட் வருகிறது. ஆளெடுக்க இதைப் பயன்படுத்தாதீங்கனு அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

அதனால, ஹெச்.ஆர் லிங்க் அனுப்பினா ஜாலியா எழுதுங்க. எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க: "இந்த ரிசல்ட்டை யார் யார் பார்ப்பாங்க? அப்ரைசல்ல சேருமா?" டீம் லீடரா இருக்கீங்களா? அந்த அமைதியான பையனுக்கு மீட்டிங் பாயின்ட்ஸை முதல்நாளே அனுப்புங்க. தமிழ் தெரிஞ்ச டீம்னா, ஒருநாள் தமிழ்லயே மீட்டிங் வெச்சுப் பாருங்க.