மார்க்கம் வீதி மச்சான்மார்

தொண்ணூறுகளில் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் இருந்த தமிழ் வீடு ஒன்றில் பகல் முழுக்க ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரவு ஷிப்ட் முடித்து வந்த மாமாவாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம். கதவு சாத்தியிருக்கும். வெளியே ஆறேழு பிள்ளைகள் சத்தம் போடாமல் விளையாட வேண்டும். எங்கள் வீட்டில் கரம் பலகையை மெத்தைமேல் வைத்துத்தான் விளையாடுவோம். பலகை ஒரு பக்கம் சரிந்தே இருக்கும், காய்களெல்லாம் அந்த மூலைக்கே ஓடும். சரிவான பக்கத்தில் யார் இருப்பது என்ற சண்டையைக்கூட ரகசியக் குரலில்தான் போட்டோம். ஒன்றுவிட்ட சகோதரங்களோடு வளர்ந்த கதையைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கிசுகிசுச் சண்டைதான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கு வந்த ஈழத்தமிழர் பலர் ரொறன்ரோவின் கிழக்கே குடியேறினார்கள். 1998 வரை தனி நகரசபையாக இருந்த ஸ்காபரோவின் நடுவில், மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி உயர்ந்த அடுக்குமாடிகள் இருக்கின்றன. அங்கே முதலில் வந்தவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார். அடுத்தடுத்து அக்கா குடும்பம், தம்பி, தம்பி மனைவியின் அண்ணன் என்று வந்திறங்குவார்கள். இரண்டு அறை வீட்டில் இரண்டு குடும்பம் சாதாரணம். கொஞ்சம் நிமிர்ந்ததும் ஒரு குடும்பம் அதே கட்டடத்தில் வேறு மாடிக்குப் போகும், இன்னொன்று பக்கத்துத் தெருவில் யாருடையதோ பேஸ்மென்டுக்குப் போகும். பிள்ளைகளைப் பொறுத்தவரை எதுவும் மாறாது. லிஃப்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பெரியம்மா வீடு. ஒரே தொலைபேசி எண்ணோடு நாலைந்து மாணவர்களின் படிவங்களைப் பார்த்துப் பள்ளிக்கூட அலுவலகத்துப் பெண்மணி குழம்பியது எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை.

இதை ஊர்ப்பாசம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஊரில் இதே குடும்பங்களுக்கு இடையே வேலிச் சண்டை இருந்தது, சீதனக் கோபம் இருந்தது, வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத சகோதரங்கள் இருந்தார்கள். எங்களை ஒட்டவைத்தவை வாடகையும் ஷிப்டும்தான். பிள்ளை பார்க்கக் காசு கொடுத்து ஆள் வைக்க ஒருவருக்கும் வசதியில்லை. ஆகவே யார் வீட்டில் நிற்கிறாரோ அவர் எல்லார் பிள்ளைக்கும் தாய். அடி விழுந்தாலும் அப்படித்தான், கணக்குப் பார்க்காமல் விழும்.

அம்மம்மாவை ஸ்பொன்சரில் கூப்பிட்ட பிறகு வீட்டுக்கு ஒரு தலைமை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நிலத்தில் வட்டமாக இருக்கச் சொல்வா. முதல்நாள் மீன்குழம்பு, பருப்பு, மிஞ்சிய கீரை எல்லாவற்றையும் பெரிய சட்டியில் சோற்றோடு குழைத்து, ஆளுக்கொரு உருண்டையாக உள்ளங்கையில் வைப்பா. வட்டம் ஒரு சுற்று வந்து மறுபடி உன் முறை வருவதற்குள் கையில் இருப்பதை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவனுக்கு இரண்டு. சாப்பாட்டில் வம்பு பண்ணும் பிள்ளையை நான் அந்த வட்டத்தில் பார்த்ததே இல்லை.

ஆனாலும் அந்த வட்டத்தில் இருக்க வேண்டிய எல்லாரும் ஒருநாளும் இருந்ததில்லை. கனடாவின் குடும்ப ஸ்பொன்சர் விதி கணவன் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனுக்கும் இடம் கொடுக்கும். வளர்ந்த அண்ணன் தம்பிக்கு அந்த வழி பெரும்பாலும் கிடையாது. அதனால் ஒரு சித்தப்பா பாரிஸிலும், ஒரு மாமி லண்டனிலும், இன்னொருவர் வன்னியிலும் என்று குடும்பம் சிதறியது. அவர்களுடைய பிள்ளைகளை நாங்கள் தெரிந்துகொண்டது போன் காட் வழியாக. வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, நீண்ட எண்ணை அழுத்தி, லைன் கிடைத்ததும் அம்மா ரிசீவரை எங்கள் கையில் திணிப்பா. "மச்சாளோட கதை." என்ன கதைப்பது? "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டு இருவரும் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம், நிமிடங்கள் தீர்ந்துகொண்டிருக்கும்.

ரத்த உறவு மட்டும் போதாது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். பாரிஸ் மச்சாளைவிட நாலாம் மாடியில் இருந்த, எந்த உறவும் இல்லாத புங்குடுதீவுப் பெடியன் எங்களுக்கு நெருக்கம். 1999-இல் 'படையப்பா' வீடியோக் கசெட் வந்தபோது நீலாம்பரிக்கு முன்னால் படையப்பா ஊஞ்சலில் இருக்கும் காட்சியை நடித்தோம். போர்வையைத் தூக்கிப் பிடித்து ஊஞ்சல் ஆக்கியவன் அவன்தான்.

விடுமுறை நாளில் எங்கள் உல்லாசப் பயணம் ஸ்காபரோவுக்குள் ஓடிய ஆர்.டி. ரயில். மக்கோவன் நிலையத்தில் ஏறினால் கென்னடி வரை மொத்தமே ஆறு நிலையங்கள். ஓட்டுநர் அறைக்குப் பக்கத்தில் முன்கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு இருக்கை இருக்கும். அதற்காகப் பட்ட அடிதடி கொஞ்சமல்ல. 1985-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில், 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம்புரண்டதோடு நின்றுவிட்டது. இப்போது அந்த வழிக்குப் பஸ்தான்.

ஷ்யாம் செல்வதுரை 1994-இல் எழுதிய 'ஃபன்னி பாய்' நாவலும் பேரப்பிள்ளைகள் கூடி விளையாடுவதில்தான் தொடங்குகிறது. ஆனால் அது கொழும்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு தாத்தா பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் போய்விடுவார்கள், பிள்ளைகளுக்கு முற்றமும் வளவும் இருக்கும். வோபர்னில் எங்களுக்கு முற்றம் கார் பார்க்கிங், ஞாயிறு எல்லா நாளும்.

வசதி வந்ததும் எல்லாரும் பிரிந்தார்கள். மார்க்கம் நகரம், ஏஜாக்ஸ், பிரம்ப்டன் என்று ஆளுக்கொரு வீடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அறை. நல்லதுதான். இரண்டு அறையில் பத்துப் பேர் இருந்ததைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்களுக்கு, காலையில் ஒரே குளியலறை வாசலில் வரிசையில் நின்றது மறந்துபோயிருக்கும். இன்றைய பிள்ளைகள் மச்சான்மாரைச் சந்திப்பது பிறந்தநாள் மண்டபத்திலும், கோடையில் பூங்காக்களில் நடக்கும் ஊர் ஒன்றுகூடலிலும். அங்கே சங்கீதக் கதிரை ஓடி முடித்த பிறகுதான் "அது உன்ர பெரியப்பாவின்ர பேரன்" என்று யாராவது சொல்லிவைக்கிறார்கள்.

ஏஜாக்ஸில் அடுத்தடுத்து வீடு வாங்கிய மச்சான்மார் இருவரை எனக்குத் தெரியும். பின்வளவு வேலியில் கதவு ஒன்று வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் அது பனியில் இறுகிவிடும். திறக்கிறவரை பிள்ளைகள் பொறுப்பதில்லை, வேலியால் ஏறிக் குதிக்கிறார்கள். போன வருடம் ஒருவன் கையை முறித்துக்கொண்டான். இரண்டு வீட்டுக்காரரும் யாருடைய பிள்ளை தொடங்கியது என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.