வெற்றிக் கோட்டையும் வெளியே நின்றவர்களும்

வாஸ்து என்று சொன்னால் நமக்கு வீட்டு மனையும் வாசற்படி பார்க்கும் திசையும் ஞாபகத்துக்கு வருகின்றன. வங்காளியருக்கோ அந்தச் சொல்லே ‘உத்வாஸ்து’ என்றாகி, மனையை விட்டுப் பெயர்க்கப்பட்டவன், அதாவது அகதி என்னும் பொருளைத் தருகிறது. கல்கத்தாவின் தென்புறத்திலுள்ள ஜாதவ்பூரில் இறங்கி, சர்வகலாசாலையைத் தாண்டிச் சுற்றிவந்தால் தென்படும் பிஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர், பாகா ஜதீன் முதலிய குடியிருப்புகளெல்லாம் அத்தகைய மனிதர்கள் சமைத்தவை. ‘கட்’ என்றால் கோட்டை. ஒழுகாத கூரைகூட இல்லாத காலத்தில் தங்கள் குடிசைகளுக்கு வெற்றிக் கோட்டை என்றும் விடுதலைக் கோட்டை என்றும் பெயர் வைத்த அந்த ஜனங்களின் நெஞ்சுரத்தை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது.

1947-இல் வங்காளம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்குமாக இரண்டாகப் பிளக்கப்பட்டபோது, பஞ்சாபில் நடந்ததுபோல் இரு பக்கத்தாரும் ஒரே மூச்சில் இடம் மாறிவிடவில்லை. 1946-இல் நவகாளிக் கலவரத்தோடு தொடங்கி, 1950-இல் பாரிசால் முதலிய ஜில்லாக்களில் கலகம் மூண்டபோது பெருகி, அதன் பிறகும் பல்லாண்டுகள் ஓயாமல் அலை அலையாக ஹிந்து ஜனங்கள் கிழக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். 1951-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி மேற்கு வங்காளத்தில் இருந்த அகதிகள் சுமார் 21 லட்சம் பேர். சியால்டா ரயில் நிலையத்தின் பிளாட்பாரங்களிலேயே குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து வாழ்ந்தவர்கள் உண்டு. பஞ்சாப் அகதிகளுக்கு, அங்கிருந்து வெளியேறிய முஸ்லிம்கள் விட்டுச் சென்ற நிலமும் வீடும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டன. வங்காள அகதிகளோ கலகம் அடங்கியதும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று டில்லியில் இருந்தவர்கள் நம்பினார்கள்; 1950-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் அந்த நம்பிக்கையே ஆதாரம். ஆகையால் கிடைத்தது தற்காலிக நிவாரணமேயன்றி மறுவாழ்வு அன்று.

கொடுப்பார் இல்லாதபோது எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று துணிந்தவர்கள், இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராணுவத்தார் கட்டிப் பின் காலி செய்துவிட்டுப் போன கொட்டகைகளில் 1948-இன் பிற்பகுதியில் புகுந்ததே பிஜய்கட்டின் தொடக்கம். ‘ஜபர்தகல் காலனி’, அதாவது வலிந்து பிடித்த குடியிருப்பு என்ற பெயரை அவர்கள் மறைக்கவில்லை, உரிமையோடு சொல்லிக்கொண்டார்கள். இரவோடு இரவாக மூங்கில் நட்டு, ஹோக்லா என்னும் கோரையால் முடைந்த பாயைச் சுவராக நிறுத்தி, விடிவதற்குள் ஒரு குடும்பம் இரண்டு மூன்று கட்டா நிலத்தில் அடுப்பு மூட்டிவிடும். ஒரு கட்டா என்பது 720 சதுர அடி. போலீஸாரோ நிலச்சொந்தக்காரரின் அடியாட்களோ வருவது தெரிந்தால் பெண்கள் சங்கு ஊதுவார்கள். கல்யாணத்திலும் அந்தி விளக்கேற்றும் வேளையிலும் ஒலித்துவந்த அந்தச் சங்கு போர்முழக்கமாக மாற, துடைப்பமும் அரிவாள்மணையும் ஏந்திய தாய்மார்கள் முன்வரிசையில் வந்து நிற்பார்கள். 1951-இல் சர்க்கார் கொண்டுவந்த வெளியேற்றச் சட்டமும் கிளர்ச்சியின் வேகத்துக்கு முன் தளர்ந்தே நிறைவேறிற்று. நாளடைவில் இத்தகைய குடியிருப்புகள் 149 அங்கீகாரம் பெற்றன. முதலில் 99 ஆண்டுக் குத்தகையாகவும் பின்னர் முழு உரிமையாகவும் பட்டா கைக்கு வந்தது.

கிழக்கிலிருந்து வந்தவன் ‘பாங்கால்’, மேற்கே பிறந்தவன் ‘கோட்டி’ என்ற பேதம் பேச்சிலும் சமையலிலும் கால்பந்து மைதானத்திலும் வெகுகாலம் நீடித்தது. ஆயினும் வந்தேறி என்ற இழிசொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறை கல்வியால் தலைநிமிர்ந்தது. கொட்டகையில் பாடசாலை நடத்தியது. பெண்கள் ஆசிரியைகளாகவும் குமாஸ்தாக்களாகவும் படிதாண்டி உழைத்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அப்படித் தேய்ந்துபோன ஒரு மூத்த மகளைத்தான் ரித்விக் கட்டக் 1960-இல் ‘மேகே டாக்கா தாரா’ என்ற தம் படத்தில் நிலையாக நிறுத்திவைத்தார்.

இந்த வீரத்தைப் போற்றுகிறவர்கள் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: அந்த இரவுகளில் ஜாதவ்பூருக்கு வந்து மூங்கில் நட யாரால் முடிந்தது? கல்கத்தாவில் உறவினர் வீடோ, கையில் பரீட்சை தேறிய சான்றோ, மனு எழுதவும் வக்கீலைப் பார்க்கவும் பழக்கமோ உடைய பிராம்மண, வைத்திய, காயஸ்தக் குடும்பங்களே பெரும்பாலும் அக்குடியிருப்புகளை அமைத்தன. ஏர் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத நாமசூத்திரர் என்னும் தாழ்த்தப்பட்ட ஜாதி விவசாயிகள், அவர்களிற் பலர் 1950-க்குப் பின் வந்தவர்கள், இரண்டு கட்டா நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர்கள் சர்க்கார் முகாம்களில் உதவித்தொகைக்குக் கையேந்தி நின்றார்கள். 1958-இல் தண்டகாரண்யத் திட்டம் வந்ததும் மத்தியப் பிரதேசத்திலும் ஒரிஸாவிலும் உள்ள வறண்ட காடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரே மண்ணை விட்டு ஒரே எல்லையைக் கடந்து வந்தவர்களில் ஒரு சாரார் நகரவாசிகளாக, மற்றொரு சாரார் வனவாசம் போனதற்குக் காரணம் ஜாதியன்றி வேறென்ன?

அக்காட்டில் பிழைக்க முடியாமல் 1978-இல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிவந்து, சுந்தரவனத்தில் மரிச்ஜாம்பி என்ற தீவில் தாமாகவே ஊர் அமைத்தார்கள். ஜாதவ்பூரில் செய்ததை அவர்களும் செய்தார்கள். ஆனால் அகதிகள் இயக்கத்தோடு வளர்ந்து 1977-இல் ஆட்சிக்கு வந்த இடதுசாரி அரசே 1979 ஜனவரியில் அத்தீவுக்குப் போகும் உணவையும் தண்ணீரையும் தடுத்து, மே மாதத்தில் குடிசைகளைக் கொளுத்தி அவர்களை வெளியேற்றியது. இறந்தவர் எத்தனை பேர் என்பது இன்றும் தீராத வழக்கு. கல்கத்தாவின் தென் புறநகரிலேயே கலவரத்துக்கு அஞ்சி ஓடிய முஸ்லிம் குடும்பங்களின் மனைகளில் அகதிகள் குடியேறியதும் வெற்றிக் கோட்டைகளின் சரித்திரத்தில் ஒரு பகுதியே. அதை மட்டும் எவரும் விழா எடுத்துச் சொல்வதில்லை.

பாரிசால் பக்கத்தில் பிறந்து, முகாம்களில் பசியோடு வளர்ந்த மனோரஞ்சன் ப்யாபாரி என்ற நாமசூத்திர இளைஞர், சிறையில் எழுத்துக் கற்று, பின்பு ஜாதவ்பூரில் ரிக்‌ஷா இழுத்துக்கொண்டிருந்தார். 1980-களின் தொடக்கத்தில் ஒரு நாள், பிஜய்கட் ஜோதிஷ் ராய் கல்லூரியிலிருந்து ஆசிரியை ஒருவர் அவர் வண்டியில் ஏறினார். புத்தகத்தில் படித்துப் பொருள் புரியாதிருந்த ‘ஜிஜீவிஷா’ என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று அவரிடம் கேட்டார் ப்யாபாரி. உயிர்வாழும் வேட்கை என்று விளக்கிய அந்த அம்மையார், தாம் நடத்தும் பத்திரிகைக்கு எழுதுமாறு சொல்லி விலாசம் கொடுத்தபோதுதான், தாம் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை எழுதிய மகாசுவேதா தேவியே அவர் என்பது தெரிந்தது. ப்யாபாரி பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரானார். 2021-இல் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். ஆனால் ஒருவரை வண்டியில் உட்காரவும் ஓர் அகதியை அந்த வண்டியை இழுக்கவும் வைத்த ஏற்பாடு அந்த ஒரு சவாரியோடு முடிந்துவிடவில்லை. விடியற்காலையில் கானிங்கிலிருந்தும் லக்ஷ்மிகாந்தபூரிலிருந்தும் வரும் ரயில்களில், தாழ்த்தப்பட்ட ஜாதிகளையும் முஸ்லிம் குடும்பங்களையும் சேர்ந்த பெண்கள் நெருக்கியடித்து ஜாதவ்பூரில் இறங்கி, பழைய காலனி மனைகளில் எழுந்த அடுக்கு வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போகிறார்கள்.

இதையெல்லாம் தமிழர் எதற்காகப் படிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களிலும் வசதியும் உறவும் உள்ளவர்கள் சென்னையிலும் கடல்கடந்த நாடுகளிலும் நிலைகொண்டார்கள். மண்டபம் முதலான முகாம்களில் தங்கிப்போனவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக நம் ஜில்லாக்களிலிருந்தே கப்பலேறியவர்களின் பேரன் பேத்திகள் அவர்கள். பங்களாதேஷிலிருந்து வந்த ஹிந்துவுக்கு வழி திறந்த 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. உங்கள் ஜில்லாவிலும் அப்படி ஒரு முகாம் இருக்கக்கூடும். ஒருமுறை போய், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுடன் பேசிவிட்டு, அவர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.