மலைச் சைக்கிளின் முன் கவைக்கு ஏற்ற எண்ணெய்

மார்கழி விடியலில் பெங்களூர் வீடுகளில் தேங்காய் எண்ணெய் சீசாவிலேயே வெள்ளையாக உறைந்து நிற்பதைக் காணலாம். 24 அல்லது 25 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே அது உறையும் இயல்பினது. யந்திரங்களில் பயன்படும் கனிம எண்ணெய் அந்த உஷ்ணநிலையில் உறைவதில்லை, ஆனால் தடிக்கிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நந்தி மலையைச் சூழ்ந்த கல்லும் மண்ணுமான தடங்களில் மலைச் சைக்கிள் செலுத்துவோருக்கு இத்தடிப்பு அற்பமான செய்தியன்று.

மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, ஒன்றினுள் ஒன்று நழுவும் குழாய்களால் ஆயது. கல்லில் சக்கரம் மோதும்போது உள்ளே அடைபட்ட காற்றோ சுருள்வில்லோ அமுங்கி அதிர்ச்சியை ஏற்கிறது. வில் மட்டுமே இருப்பின் அமுங்கிய வேகத்திலேயே திரும்ப எழும்பி, ஓட்டுபவரின் கைகளை உதறும். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். தரையைத் தொடாத சக்கரத்தைத் திருப்பவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. இவ்வெழுச்சியை அடக்குவதே எண்ணெயின் வேலை. பிஸ்டனிலுள்ள சிறு துளைகளின் வழியே அது நெருக்கிப் புகும்போது, எழுச்சியின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. 1935-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் இம்முறையைத் தன் மோட்டார் சைக்கிள்களில் புகுத்தியது. சைக்கிளுக்கு அது பரவலாக வந்தது 1990-க்குப் பின்னரே.

எண்ணெய்ப் புட்டிகளின்மேல் 5, 10, 15 என்ற எண்கள் காணப்படும். இவற்றை நம்பி வாங்குவோர் பலமுறை ஏமாறுகின்றனர். இவ்வெண்களுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற ஒரே அளவுகோல் இல்லை. ஒருவரது 5, மற்றொருவரது 10-ஐ நெருங்குவதும் உண்டு. ஆகவே 40 பாகையில் எண்ணெயின் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக் என்பதையே நோக்க வேண்டும். 20 பாகையில் நீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக். 40 பாகையிலும் விளக்கெண்ணெயினது 200-க்கு மேல். தணிப்பானுக்குரிய மெல்லிய எண்ணெய்கள் பல 15-ஐ ஒட்டியவை. கடையில் எளிதிற் கிடைக்கிறதே என்று 20டபிள்யூ-40 இன்ஜின் எண்ணெயை ஊற்றினால் அது 100-ஐத் தாண்டும். அப்போது கவை ஒரு கல்லில் அமுங்கி, மீண்டு எழுமுன் அடுத்த கல்லும் வந்துவிடும். கல்லுக்குக் கல் தாழ்ந்து, இறுதியில் கவை அசைவே அற்றுப் போகும்.

பெங்களூரில் ஜனவரி விடியலில் உஷ்ணநிலை 15 பாகையை ஒட்டியும், ஏப்ரல் பிற்பகலில் 34 பாகையை ஒட்டியும் இருக்கும். இவ்விரு நிலைகளுக்கிடையே சாதாரணக் கனிம எண்ணெயின் பாகுத்தன்மை ஏறத்தாழ இருமடங்கு மாறுகிறது. இம்மாறுதல் எத்துணை என்பதைக் காட்டும் பாகுத்தன்மைக் குறியீட்டை 1929-ல் அமெரிக்காவில் டீன், டேவிஸ் என்னும் இருவர் வகுத்தனர். குறியீடு உயர்ந்த எண்ணெயில் மாறுதல் குறைவு. சற்று விலை கூடினும் அதனை வாங்குவதே தகும்.

எண்ணெயை மாற்றுமுன் தணிப்பைத் திருத்தும் திருகைத் திருப்பிப் பார்ப்பது அறிவுடைமை. நீண்ட நுண்குழாயின் விட்டம் பாதியானால் அதன் வழிப் பாயும் திரவம் 16-ல் ஒரு பங்காகக் குறையும் எனக் கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய். அவர் ஆராய முற்பட்டது இரத்த ஓட்டத்தை! கவையின் துளைகள் அத்தகைய நுண்குழாய்கள் அல்லவெனினும், திருகின் சிறு அசைவு பெருவிளைவு தருவது இதனால் ஓரளவு விளங்கும். திருகை முற்றிலும் இறுக்கியும் கவை துள்ளினால் தடித்த எண்ணெயும், முற்றிலும் தளர்த்தியும் மந்தமாக எழும்பினால் மெல்லிய எண்ணெயும் வேண்டும். உடல் எடை மிக்கவருக்கு வில்லின் விறைப்பும் மிகுதியாதலால் முதல் நிலையே பெரும்பாலும் நேரும். இடைப்பட்ட பாகுத்தன்மை தேவையாயின் ஒரே நிறுவனத்தின் இருவகை எண்ணெய்களைக் கலக்கலாம். ஆனால் கலவை சராசரிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும்.

கவையின் கீழ்க்கால்களில் ஊற்றும் சில மில்லிலிட்டர் எண்ணெய் உராய்வைக் குறைப்பதற்கேயன்றித் தணிப்புக்கன்று. அது தடித்ததாகவே இருத்தல் நன்று. கிளைக்கால் கலந்த பிரேக் திரவத்தையோ எவ்விடத்தும் ஊற்றலாகாது. கனிம எண்ணெய்க்கென அமைந்த ரப்பர் வளையங்கள் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும்.

வடித்த பழைய எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் வைத்து நோக்குக. சாம்பல் நிறமாயின், தேய்ந்த உலோகத்தின் நுண்பொடி அதில் கலந்துள்ளது. மழைக்காலத்திற்குப் பின் அது பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது எனக் கொள்ளலாம். அப்போது எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. வளையங்களையும் மாற்ற வேண்டும்.